வலது பக்கத்துச் சீட்டு

எங்கள் தெருவுக்குக் கல்யாண விசாரணைக்கு வருகிறவர்கள் எதிர்வீட்டில் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பெண் வீட்டுக்கு இடது பக்கம் ஒரு வீடு, வலது பக்கம் ஒரு வீடு, அதோடு முடிந்தது விசாரணை. வேலைக்காலம் முழுவதும் தென்காசியில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவன் நான். எந்த வீட்டில் ஏசி ஓடுகிறது, எந்த வீட்டில் அதை மாட்டி வைத்துவிட்டு விசிறியைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள் என்பது வரை எனக்குத் தெரியும். இருந்தும் ஒருவனும் வந்து, "அய்யாத்துரை அண்ணாச்சி, எதிர்வீட்டு ஆட்கள் எப்படி?" என்று கேட்டதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

எதிர்வீடு ஆனந்தவள்ளியுடையது. கணவர் குற்றாலீஸ்வரன் மத்திய ரிசர்வ் போலீசில் இருக்கிறார். லீவில் பெட்டியோடு வருவார், பெட்டியைப் பிரிப்பதற்குள் திரும்பிப் போய்விடுவார். ஒரே மகள் லோகநாயகி தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆனந்தவள்ளிக்குக் குற்றாலத்தில் ஒரு காட்டேஜில் வேலை. சாவி கொடுப்பது, வெந்நீர் வரவில்லை என்று கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்துவது, குரங்கு தூக்கிக்கொண்டு போன மூக்குக் கண்ணாடிக்கு அனுதாபம் தெரிவிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அவளுடைய நிஜத் தொழில் அதுவல்ல. டாரட் சீட்டுப் போட்டுப் பலன் சொல்வதுதான் நிஜத் தொழில்.

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு இரண்டு விதமான துக்கம் உண்டு. அருவியில் தண்ணீர் விழாவிட்டால் ஒரு துக்கம். அளவுக்கு மேல் விழுந்தால் போலீஸ்காரர்கள் கயிறு கட்டிக் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள், அது இன்னொரு துக்கம். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு கிளம்பியவர்கள் அதே எண்ணெயோடு காட்டேஜ் வராந்தாவில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒரு தடை நாளில் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் பொழுது போகாமல் பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்துப் பரப்ப, ஆனந்தவள்ளி பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு கொரோனாவில் காட்டேஜ் மூடிக் கிடந்தபோது ஆன்லைனில் முறைப்படி படித்தாள். இப்போதெல்லாம் அருவியில் தடை போட்டால் ஆனந்தவள்ளி முன்னால் கூட்டம். சீசன் இல்லாத மாதங்களில் போனிலேயே பலன் சொல்லுகிறாள்.

அவளிடம் ஒரு கொள்கை உண்டு. எந்தச் சீட்டையும் தனியாகப் படிக்கக்கூடாது. மூன்று சீட்டு வரிசையாக வைப்பாள். நடுவில் இருப்பது வந்தவர். இரண்டு ஓரமும் அவருடைய அக்கம்பக்கம். கருப்புக் கொடியோடு குதிரையில் வருகிற மரணச் சீட்டு விழுந்து யாராவது முகம் வெளுத்துப் போனால், "சீட்டைப் பாத்துப் பயப்படாதிய. அதுக்குப் பக்கத்துல யாரு இருக்கான்னு பாருங்க. சூரியன் இருக்கு. அப்படின்னா பழைய வேலை போயி புது வேலை வருதுன்னு அர்த்தம்" என்பாள். அதே மரணத்துக்குப் பக்கத்தில் இடி விழுந்த கோபுரம் வந்தால் மட்டும் முதலில் எழுந்துபோய்க் காப்பி வாங்கி வந்து கொடுப்பாள்.

சீட்டுக்கட்டில் நாலு இனம். கோல் என்றால் நெருப்பு, கோப்பை என்றால் தண்ணீர், வாள் காற்று, காசு மண். காசும் கோப்பையும் பக்கத்தில் உட்கார்ந்தால் வயலும் வாய்க்காலும் போல ஒன்றை ஒன்று வளர்க்கும். வாளும் கோலும் சேர்ந்தால் காற்று வாங்கிய தீ. கோலும் கோப்பையும் அடுத்தடுத்து விழுந்தால் அடுப்பில் தண்ணீரைக் கொட்டிய கதைதான், இரண்டுக்கும் பலம் பாதி. இதுவரை எல்லாருக்கும் புரியும். அதற்கு மேல் அவள் சொல்வதுதான் விசேஷம்.

"மூணும் கோப்பையாவே விழுந்துட்டா சந்தோஷப்படாதிய. ரெண்டு பக்கமும் ஒரேமாதிரி ஒத்து ஊதுனா நடுச் சீட்டு வீங்கிப் போவும். அது வெள்ளம். தடை போடவேண்டியதுதான்" என்பாள். தடை நாளில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இந்த உதாரணம் உடனே உறைக்கும். "எதிரிச் சீட்டு பக்கத்துல இருந்தும் நடுச் சீட்டு அசையாம நிக்குன்னா, அதைத்தான் நம்பணும்" என்றும் சொல்வாள். விழுந்த சீட்டை யாராவது பிடிக்கவில்லை என்று மாற்றி எடுக்கப் போனால் கையிலேயே ஒரு தட்டு தட்டுவாள்.

இவ்வளவு தெரிந்தவளுக்குச் சொந்தத் தெருவில் அக்கம்பக்கம் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இடது பக்கம் பெர்சிஸ் டீச்சர். சிநேகிதி. சபைக்குப் பயந்து சீட்டைத் தொடமாட்டார், ஆனால் ஆனந்தவள்ளி எடுத்துக் காட்டினால் பார்ப்பதில் பாவமில்லை என்று வைத்திருக்கிறார். வலது பக்கம் செண்பகவல்லி. அவள் கணவர் மந்திரமூர்த்திக்குக் கோவில் பக்கம் பாத்திரக் கடை. செண்பகவல்லிக்கும் ஆனந்தவள்ளிக்கும் வருடக்கணக்காகப் பேச்சு இல்லை.

காரணம் ஆனந்தவள்ளி வீட்டுத் தென்னை. வேர் இந்தப் பக்கம், தலை அந்தப் பக்கம். ஒருநாள் செண்பகவல்லி மாடியில் காயப்போட்டிருந்த கூழ்வற்றல் மேல் ஒரு மட்டை விழுந்தது. மரத்தை வெட்டு என்றாள் செண்பகவல்லி. கல்யாண வீட்டு வாழையா வெட்டிவிட்டுப் போக என்றாள் ஆனந்தவள்ளி. மறுமாதம் நடுமதில் மேல் செண்பகவல்லி கண்ணாடிச் சில்லு பதித்தாள். அன்றோடு நேர்ப்பேச்சு நின்றது, சாடைப் பேச்சு தொடங்கியது.

செண்பகவல்லி வீட்டில் டைகர் என்று ஒரு நாய் இருக்கிறது. பெயர்தான் டைகர், குரங்கு வந்தால் வாலைச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். அதன் வேலையெல்லாம் வசவு கேட்பதுதான். "ஏ நாயே, மட்டைய ஊரான் வீட்டுல போட்டுட்டு இளநிய மட்டும் எண்ணிப் பாத்து எறக்குதியோ?" என்று செண்பகவல்லி டைகரைக் கேட்பாள். டைகர் வாலை ஆட்டும். இந்தப் பக்கம் ஆனந்தவள்ளிக்கு நாய் இல்லாததால் தண்ணீர் மோட்டாரைத் திட்டுவாள். இரண்டு பேரும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார்கள், ஒருவரும் ஒருவரிடமும் பேசியதாகாது.

இந்த நிலையில்தான் லோகநாயகிக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். முதலில் வந்த இரண்டு வரனும் செண்பகவல்லி வாசலில் செத்தன. அவள் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. "நல்லா இருக்கட்டும். நமக்கு எதுக்கு வம்பு" என்றாள், அவ்வளவுதான். கல்யாண விசாரணையில் இதைவிடக் கூர்மையான கத்தி கிடையாது. பச்சையாக ஏசினாலாவது பொறாமை என்று தள்ளிவிடலாம்.

அதற்குப் பிறகு வருடம் ஓடிவிட்டது. மூன்றாவதாக வடகரையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு ஆலங்குளத்தில் தாலுகா ஆபீஸ் வேலை, தோப்பும் வயலும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், லோகநாயகியே அவனோடு போனில் பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அதை ஆனந்தவள்ளியும் பார்த்தாள், எதிரே உட்கார்ந்து நானும் பார்த்தேன். இந்த வரனும் தட்டிப்போனால் அந்தப் பெண் இனி ஒருவனுக்கும் சரி என்று சொல்லமாட்டாள் என்று ஆனந்தவள்ளி பெர்சிஸ் டீச்சரிடம் அழுதிருக்கிறாள். பையனுடைய தாய்மாமா சிவனணைந்தபெருமாள் ஞாயிற்றுக்கிழமை விசாரணைக்கு வருவதாகத் தகவல் கசிந்தது. ஓய்வு பெற்ற ஏட்டையா. அவர் சரி என்றால்தான் அந்த வீட்டில் சரி.

ஆனந்தவள்ளி மகளுக்காக மூன்று சீட்டு எடுத்தாள். நடுவில் இரண்டு கோப்பை, ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று கோப்பை நீட்டுகிற கல்யாணச் சீட்டு. இடது பக்கம் பத்துக் காசு, குடும்பமும் வீடும் நாய்களுமாக நிறைந்த படம். இதற்குமேல் என்ன வேண்டும் என்று வலது பக்கத்துச் சீட்டைத் திருப்பினால் ஐந்து கோல். ஐந்து பேர் கம்பைத் தூக்கிக்கொண்டு சண்டை போடுகிற படம். தண்ணீருக்குப் பக்கத்தில் தீ.

"பாத்தியளா டீச்சர். வலது பக்கம். அவளேதான்" என்றாள் ஆனந்தவள்ளி.

"தீயும் தண்ணியும் சேந்தா வெந்நீர்தான. அதுவும் நல்லதுதான" என்று டீச்சர் சமாதானம் சொல்லிப் பார்த்தார்.

ஊருக்கெல்லாம் விழுந்த சீட்டை மாற்றாதே என்று கையில் தட்டுகிறவள் இப்போது பக்கத்து வீட்டையே மாற்றக் கிளம்பினாள். நேரில் பேச முடியாதே. டீச்சரைத் தூது அனுப்பினாள். மரத்தை வெட்டிவிடுகிறேன், தென்னை ஏறுகிற வேல்சாமியிடம் திங்கட்கிழமைக்குச் சொல்லியாயிற்று, பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறவரிடம் நாலு நல்ல வார்த்தை. எந்த நாலு வார்த்தை என்பதையும் இரண்டு பேருக்கும் அவளே சொல்லிக் கொடுத்தாள். சீட்டுச் சங்கதி மட்டும் வெளியே வரக்கூடாது, காட்டேஜ் மேனேஜர் என்றே சொல்ல வேண்டும். செண்பகவல்லி டீச்சரை ஒரு பார்வை பார்த்தாளாம். "சரி. சொல்லச் சொன்னதைச் சொல்லுதேன்" என்றாளாம். டீச்சர் எனக்கு இதை ரகசியமாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தாலும் ஆனந்தவள்ளி மேல் பாவமாகவும் இருந்தது. மகளுக்காக ஒரு அம்மா தன் தென்னையையும் தன் கொள்கையையும் ஒரே நாளில் வெட்டத் துணிந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை லேசான சாரல். சிவனணைந்தபெருமாள் பைக்கில் வந்து என் வீட்டு வாதாம் மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். வெள்ளைச் சட்டை, மையடித்த மீசை. நான் உள்ளே ஓடிச் சட்டை போட்டுக்கொண்டு வருவதற்குள் அவர் இடது பக்கத்து வீட்டில் நின்றார்.

"இங்கன வீடு வாடகைக்கு ஏதும் இருக்கா?" விசாரணைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். தெரு முழுவதும் பதிலுக்கு ஒன்றும் தெரியாததுபோல் நடிக்கும்.

"வீடு இல்ல. பக்கத்து வீட்டைப் பத்திக் கேக்கியளோ? தங்கமான குடும்பம். அம்மா காட்டேஜில மேனேஜர். அந்த வீட்டுல ஒரு சத்தம் வெளிய கேக்காது" என்றார் பெர்சிஸ் டீச்சர். கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டார். பாவம், மாணவர்களிடம் ஒப்பிக்கச் சொல்லிப் பழகியவர், தான் ஒப்பித்துப் பழகவில்லை.

சிவனணைந்தபெருமாள் தலையாட்டிவிட்டு வலது பக்கம் போனார். செண்பகவல்லி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தங்கமான குடும்பம். அம்மா காட்டேஜில மேனேஜர். அந்த வீட்டுல ஒரு சத்தம் வெளிய கேக்காது."

"அப்படியா? மதில்ல எதுக்குக் கண்ணாடிச் சில்லு?"

"கொரங்குக்கு" என்றாள் செண்பகவல்லி.

சிவனணைந்தபெருமாள் தென்னையை அண்ணாந்து பார்த்தார், மதிலைப் பார்த்தார், வண்டிக்குத் திரும்பி வந்தார். முகம் சரியில்லை. ஆனந்தவள்ளி வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒரு நிழல் அசைந்தது. என் நேரம் வந்துவிட்டது என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் போனேன்.

"அண்ணாச்சி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாரியளா?" என்றார்.

கொண்டுவந்து கொடுத்தேன். அவர் செம்பைத் தூக்கியபோது செண்பகவல்லி கஞ்சித் தண்ணீரோடு வாசலுக்கு வந்தாள். அவர் போய்விட்டார் என்று நினைத்திருப்பாள். வாதாம் மரம் மறைத்துக்கொண்டது.

"ஏ டைகரு, கேட்டியா கதைய! தங்கமான குடும்பமாம். சத்தமே கேக்காதாம். அந்த வீட்டுல மிக்ஸியும் அவ வாயும் ஒண்ணா ஓடுனா மிக்ஸிச் சத்தம்தாம்ல கேக்காது! மேனேஜராம். சீசன் வந்தா சீட்டைப் பரப்பிக்கிட்டு ஊரான் தலையெழுத்த வாசிக்கா. என் வத்தல்ல மட்டை விழும்னு அந்தச் சீட்டு சொல்லுச்சா?"

முடிந்தது கதை, பெண்ணின் வாழ்க்கையை இந்தப் பாவி நாய்க்குக் கஞ்சி ஊற்றுகிற நேரத்தில் கவிழ்த்துவிட்டாளே என்று கோபம் கோபமாக வந்தது. ஏட்டையா செம்பை வாயிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

"மரத்த வெட்டித் தாரேன்னு எனக்குக் கைக்கூலி பேசுதா நாயே. நான் கேட்டனா? போன சீசன்ல நான் ஆலங்குளத்துக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த அன்னைக்கு, எங்க வீட்டுக்காரவ சுகர் எறங்கிப் பொறவாசல்ல விழுந்து கெடந்தாவளே. வாசக் கேட்டு பூட்டிக் கெடக்கு. நீ கொரைச்ச கொரைப்புக்கு எந்த எதிர்வீட்டுக்காரன்லே எட்டிப் பாத்தான்? அந்தப் புள்ள லோகாதான இந்தக் கண்ணாடிச் சில்லுல கைய ஊணி ஏறிக் குதிச்சா. ரத்தம் ஒழுகுத கையோட சீனித்தண்ணி கரைச்சு அவிய வாயில ஊத்துனா. 'மாமா, எங்க அம்மைகிட்ட சொல்லிராதிய, உங்க வீட்டுக்கு வந்தேன்னு ஏசுவா'ன்னுட்டு வந்த வழியே திரும்ப ஏறிப் போனா. நான் பதிச்ச சில்லு நாயே, நான் பதிச்சது. அவளுக்கு நாலு வார்த்தை நல்லது சொல்ல எனக்கு மரம் வெட்டணுமா? நான் கெடுப்பேன்னு நெனச்சுட்டாளே."

அவள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். டைகர் கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு வாலை ஆட்டியது. எந்த எதிர்வீட்டுக்காரன் என்று அவள் கேட்டது என்னைத்தான். தெருவில் எனக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏட்டையா செம்பைத் திருப்பிக் கொடுத்தார். முகம் தெளிந்திருந்தது.

"சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிரலாம்னுதான் வண்டிகிட்ட வந்தேன் அண்ணாச்சி. அருவிக்கரையில கயிறு புடிச்சுத் தடை போட்டவன் நான். அந்தம்மா காட்டேஜில சீட்டு போடுதது எனக்குத் தெரியாதா? ரெண்டு சாட்சியும் எழுத்துக்கு எழுத்து ஒரே வாக்குமூலம் குடுத்தா ஸ்டேஷன்ல நாங்க என்ன நெனப்போம்? எதையோ மறைக்காவன்னுதான. பகையாளி வாயில இருந்து வந்துச்சு பாருங்க, அதுக்கு மேல விசாரிக்க ஒண்ணும் இல்ல."

ஆனந்தவள்ளி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுகிற அதே பாடம். அவளிடம் ஒரு நாளும் சீட்டுப் பார்க்காத மனிதர் வாயிலிருந்து அதைக் கேட்டேன்.

அவர் நேராக ஆனந்தவள்ளி வீட்டுக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் எனக்கும் கேட்டது, தெரிந்தது. எங்களுக்குச் சம்மதம் என்றார். இனி சீட்டுத் தொழிலை மறைக்க வேண்டாம் என்றார். பிறகு அந்தக் கையைப் பற்றியும் சொன்னார். ஆனந்தவள்ளி மகளைக் கூப்பிட்டு உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். கோணலாக ஒரு தழும்பு.

"அருவியில பாறை கிழிச்சுட்டுன்னு சொன்னியே ஏட்டி. தண்ணியில கண்டம்னு சொல்லி உன்னைய அந்த சீசன் முழுக்கக் குளிக்கவே விடலியேட்டி நான்."

"குளிக்காததுகூடப் பரவால்லம்மா. தெனமும் நீ எனக்குப் பலன் சொன்னதுதான் தாங்க முடியல" என்றாள் லோகநாயகி. ஏட்டையா சத்தமாகச் சிரித்தார். ஆனந்தவள்ளி அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை சொன்னபடி வேல்சாமி அரிவாளும் கயிறுமாக வந்து தென்னையில் ஏறினான். அடுப்பை அணைக்காமல் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஆனந்தவள்ளி மதில் ஓரமாகப் போய் நின்றாள். அந்தப் பக்கம் செண்பகவல்லி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனந்தவள்ளி மோட்டாரைப் பார்க்கவில்லை. அத்தனை வருடத்தில் முதல் தடவையாக டைகரைப் பார்த்துப் பேசினாள்.

"ஏ டைகரு, வாற மாசம் எங்க வீட்டுல நிச்சயதார்த்தம். உங்க வீட்டு அம்மாகிட்டச் சொல்லு. பொண்ணுக்கு மொத பூ அவியதான் வைக்கணும். வரலன்னா எம் மக மணையில உக்காரமாட்டா."

செண்பகவல்லி ஈரச் சேலையை உதறினாள், மறுபடியும் உதறினாள். பிறகு அவளும் நாயைத்தான் பார்த்தாள்.

"ஏ டைகரு, வேல்சாமிய எறங்கச் சொல்லு. குலை குலையாக் காச்சு நிக்கித மரம். கல்யாண வீட்டுக்குத் தேங்கா வேண்டாமா? அதுபோக, மரமே போயிட்டுன்னா நாளைக்கு நான் எதைச் சொல்லி அவகிட்டப் பேச?"

பாதி மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த வேல்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பொம்பளைகளும் நாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எதிரே நின்ற என்னைக் கூப்பிட்டான்.

"அய்யாத்துரை அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. ஏறவா, எறங்கவா?"

குடிக்கத் தண்ணீர் கேட்டதைக் கழித்தால், இந்தத் தெருவில் எதிர்வீட்டுக்காரனிடம் ஒருவன் கேட்ட முதல் கேள்வி அது. இறங்கு என்றேன்.